மணி அடிக்கிறது என்று சொல்ல வேண்டும்

கோல்பர்க் பள்ளிக் குழுவின் மாதாந்திரக் கூட்டத்துக்கு வெளியாட்கள் யாரும் வருவதில்லை. குழு உறுப்பினர்கள் வருவார்கள், பள்ளிகளின் கண்காணிப்பாளர் வருவார், அவர்களுக்கு எதிரே மடக்கு நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். முதல் வரிசையில் லம்பர்ட் கூசெரா மட்டும் தொப்பியை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நிகழ்ச்சி நிரலில் 'பொதுமக்கள் கருத்து' என்று ஒரு வரி உண்டு. அந்தப் பொதுமக்கள் அவர்தான்.

ஓய்வு பெறும்வரை லம்பர்ட் பயிர்க் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சேத மதிப்பீட்டாளராக இருந்தார். ஆலங்கட்டி அடித்துத் துவைத்த சோளக்காட்டில் இறங்கி, கிழிந்த தோகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது ஆலங்கட்டி இல்ல, காத்து" என்று சொல்வது அவர் தொழில். காற்றடித்த சேதத்துக்குக் காப்பீட்டுப் பணம் கிடையாது. நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்த மூலையில் இருக்கும் செக் வம்சக் குடும்பம், ஜெர்மன் வம்சக் குடும்பம் எல்லோரிடமும் அதையே சொல்லியிருக்கிறார். சொந்த மைத்துனர் எட்வினின் காட்டிலும் அதையேதான் சொன்னார். எட்வின் இன்றுவரை கிறிஸ்துமஸ் விருந்தில் அவர் பக்கம் உப்பு டப்பாவைக்கூட நகர்த்துவதில்லை.

அடுத்தவர் சொல்வதை நம்பாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்கியவர், சம்பளம் நின்ற பிறகு அந்த வேலையை இலவசமாகச் செய்யத் தொடங்கினார். ஊர் வாரப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். நூலகக் கடிகாரம் பிந்துவது, நீச்சல்குளத்தின் கயிறு நைந்துபோனது என்று பலதும் எழுதினாலும், அவர் மனம் தோய்ந்து எழுதியது பள்ளிப் பேருந்தைப் பற்றித்தான். தினமும் காலையில் ஊர்ப் பெரியவர்கள் கூடும் தானியக் கிடங்குக்குக் காப்பி குடிக்க அவர் காரை எடுத்தால், முன்னால் அந்த மஞ்சள் வண்டி நிற்கும். சிவப்பு விளக்கு மின்னும். பக்கவாட்டிலிருந்து 'நில்' பலகை நீளும்; அது மடங்கும்வரை எந்த வண்டியும் தாண்டக் கூடாது. ஒரு பிள்ளை வாயில் ரொட்டியோடு வந்து, பாதி வழியில் பையை மறந்தது நினைவு வந்து, வீட்டுக்குத் திரும்பி ஓடும். அதுவரை ஊரே காத்திருக்க வேண்டும்.

ஊருக்குக் கிழக்கே ஒரு ரயில் தண்டவாளம் இருக்கிறது. அதில் ரயில் ஓடிப் பல காலம் ஆயிற்று. தண்டவாளத்துக்கு நடுவே முசுக்கட்டை மரம் முளைத்து, காய்த்து, பறவைகள் கூடு கட்டிவிட்டன. ஆனால் பள்ளிப் பேருந்து அங்கே வந்ததும் நிற்கும், கதவைத் திறக்கும், ரயில் வருகிறதா என்று காது கொடுக்கும். சட்டம் அப்படி. இங்கே நிற்க வேண்டியதில்லை என்று ஒரு பலகை வைத்தால் போதும். யார் வைப்பது என்று ரயில் கம்பெனியும் மாவட்டமும் வெகுநாளாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. 'பேருந்து எதைக் கேட்கிறது?' என்ற தலைப்பில் லம்பர்ட் எழுதிய கடிதம் இரண்டு வாரம் தொடராக வந்தது.

அந்தச் செப்டம்பர் கூட்டத்திலும் அவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"மூணாம் நம்பர் பஸ் தினமும் லேட்டு. ஏன்னு கேட்டா ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கிறீங்க."

குழுத் தலைவி ரோசெல்லா வானெக் மாட்டுப் பண்ணைக்காரி. விடியுமுன் எழுந்தவள். கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னாள்: "ஓட்ட ஆள் இல்ல, லம்பர்ட். ஒருத்தருக்கு இடுப்புல ஆபரேஷன். இன்னொருத்தர் குளிர் தாங்கலன்னு அரிசோனாவுக்குப் போயிட்டாரு. ஃபுட்பால் கோச் ரெண்டு ரூட்டு ஓட்டிட்டு, மத்தியானம் பசங்களுக்குப் பாடமும் எடுக்கறாரு."

"இந்தக் காலத்துல யாருக்கும் உடம்பு வளைய மாட்டேங்குது" என்றார் லம்பர்ட்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. நதீன் ப்ரோசெக். பேருந்துக் கொட்டகையின் பொறுப்பாளர். ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பவரும் அவர்தான். கூட்டத்துக்கு அபூர்வமாக வருபவர், அன்று வந்திருந்தார்.

"உங்களுக்கு வளையுமா, மிஸ்டர் கூசெரா?"

குழு உறுப்பினர்கள் ஐந்து பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவு நேரம் தூங்கிக்கொண்டிருந்த கண்காணிப்பாளரும் விழித்தார். லம்பர்ட் வாயைத் திறந்தார். மறுக்கத்தான் திறந்தார் என்று பிற்பாடு மனைவியிடம் சத்தியம் செய்தார். ஆனால் வெளியே வந்தது வேறு.

"அதுல என்ன இருக்கு? இந்த மாவட்டத்துல நான் ஓட்டாத மண்ரோடு இல்ல."

கை தட்டினார்கள். அந்தக் கூட்ட அறையில் யாரும் அதற்கு முன் அவருக்குக் கை தட்டியதில்லை. அந்தச் சத்தத்தில் அவருக்குக் கொஞ்சம் மயக்கம் வந்தது. மயக்கம் தெளிந்தபோது விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

வீட்டில் ஆர்டிஸ் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டிகளை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். கணவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தட்டுகளை எந்தப் பக்கம் பார்த்து அடுக்க வேண்டும் என்று பாடம் கேட்டு வருபவர் அவர். செய்தியைக் கேட்டதும் தட்டைக் கீழே வைத்தார்.

"எத்தனை மணிக்குப் போகணும்?"

"அஞ்சரைக்குக் கிளம்பணுமாம்."

"சாயங்காலமும் உண்டா?"

"ரெண்டு வேளையும்."

ஆர்டிஸ் நல்ல கொலாச்சியாகப் பார்த்து இரண்டு எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

பேருந்து ஓட்டும் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வை லம்பர்ட் ஒரே மூச்சில் முடித்தார். கையேட்டை அவர் படித்த விதம் அப்படி: இரண்டு அச்சுப் பிழைகளைக் கண்டுபிடித்து மாநிலத் தலைநகருக்கு எழுதியிருந்தார். தானியக் கிடங்கில் காப்பி குடிப்பவர்களிடம் மதிப்பெண்ணைச் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார். 'இதுக்குத்தான் ஆள் கிடைக்கலயாம்' என்று முடித்தார். அதன் பிறகுதான் நதீன் அவரைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு, பேருந்துக்கு முன்னால் நிறுத்தினார்.

"சரி கண்ணு, இப்ப இந்த வண்டியைச் சொல்லு" என்றார். கொட்டகைக்குள் நுழைந்துவிட்டால் நதீனுக்கு எல்லோரும் கண்ணுதான். மிஸ்டர் எல்லாம் வாசலோடு சரி.

"என்ன சொல்றது?"

"எல்லாத்தையும்தான். முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும். ஒவ்வொண்ணையும் தொட்டு, பேரைச் சொல்லி, அது எப்படி இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லணும். லைட்டுன்னா, 'உறுதியாக மாட்டியிருக்கிறது, விரிசல் இல்லை, உடைசல் இல்லை, எரிகிறது.' குழாய்னா, 'வெட்டு இல்லை, வீக்கம் இல்லை, ஒழுகல் இல்லை.' டெஸ்ட்டுல வண்டி ஓட்டறதுக்கு முன்னாடியே இதுலதான் பாதிப் பேர் அவுட்டு."

"லைட்டு நல்லா இருக்கறது கண்ணுக்குத் தெரியுதே."

"உன் கண்ணுக்குத் தெரியும். டெஸ்ட்டு வைக்கிறவருக்கு உன் வாய் மட்டுந்தான் தெரியும். சொல்லலைன்னா அது இல்ல."

லம்பர்ட்டுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. வாழ்நாள் முழுக்கச் சேதத்தைத் தேடியவர் அவர். சேதம் இல்லை என்பதை இத்தனை நீளமாகச் சொல்ல வேண்டும் என்று யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. முன்விளக்கிலிருந்து தொடங்கிச் சக்கரத்துக்கு வருவதற்குள் விளக்குக்கு 'ஒழுகல் இல்லை' என்றார், டயருக்கு 'எரிகிறது' என்றார்.

"டயர் எரிஞ்சா கீழ இறங்கிடு ராசா" என்றார் நதீன், சூயிங்கம்மை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றியபடி.

அக்டோபர் முழுக்க லம்பர்ட் சொல்லிக்கொண்டே இருந்தார். காலையில் குளிர்சாதனப் பெட்டியைச் சுற்றி வந்து அதன் கீல், ரப்பர், கைப்பிடி எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டு அறிவித்தார். ஆர்டிஸ் கழுத்தில் போட்டிருந்த மூக்குக்கண்ணாடிச் சங்கிலிக்கும் விரிசல் இல்லை என்று தெரியவந்தது. தேவாலயத்தில் பழைய கசாப்புக் கடைக்காரர் ஒருவரின் இறுதிச் சடங்கு. சவப்பெட்டியைத் தூக்கும் ஆறு பேரில் லம்பர்ட் ஒருவர். பாதிரியார் ஜெபத்தை முடித்து அமைதியாக நின்ற நேரத்தில், லம்பர்ட் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தன்னை அறியாமல் தெளிவான குரலில் சொன்னார்: "உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. வளைவு இல்லை, உடைசல் இல்லை."

"ஆமென்" என்றார் பாதிரியார், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

ஓட்டுவது அதைவிடச் சிரமமாக இருந்தது. மண்ரோடுகளில் தன் பிக்கப் வண்டியை ஓட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பின்சக்கரங்களுக்குப் பின்னால் அவ்வளவு நீளம் வண்டி மிச்சம் இருக்கிறது. நீங்கள் வலப்பக்கம் திரும்பினால் அந்த வால் இடப்பக்கம் வீசும். முதல் நாள் அது வங்கி வாசலில் அறுவடை அலங்காரமாக அடுக்கியிருந்த பூசணிக்காய்களைத் துடைத்தெறிந்தது. மறுநாள் ரோசெல்லா வானெக்கின் தபால் பெட்டி. அவள் வேண்டுமென்றே செய்ததாக நினைத்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படி இல்லை என்று புரிந்துகொண்டாள். கண்ணாடிகள் வேறு ஏராளம்: தட்டைக் கண்ணாடி, குமிழ்க் கண்ணாடி, முன்னால் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை. எதைப் பார்த்தாலும் வேறொன்றில் ஏதோ நகர்வதாகத் தோன்றும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் முதுகு நனைந்திருக்கும். தனக்குப் பயமாக இருக்கிறது என்பது அவருக்கு மூன்றாவது வாரம்தான் புரிந்தது. அது பழக்கமில்லாத ஒன்றாக இருந்ததால் முதலில் செரிமானக் கோளாறு என்று நினைத்து மாத்திரை சாப்பிட்டார்.

செத்த தண்டவாளத்துக்கு வந்தபோது நதீன் "நில்லு" என்றார். நின்றார். கதவைத் திறக்கச் சொன்னார். திறந்தார். பக்கத்து ஜன்னலையும் திறக்கச் சொன்னார்.

"என்ன கேக்குது?"

லம்பர்ட் முசுக்கட்டை மரத்தைப் பார்த்தார். "காத்து."

"காத்தா, ஆலங்கட்டியா? நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார் நதீன். அவர் அப்பாவுக்கும் ஒரு சோளக்காடு இருந்தது.

நவம்பர் தொடக்கத்தில் தேர்வு. தலைநகரிலிருந்து டீட்ஸ் என்பவர் வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, சாம்பல் நிறக் கண், பேச்சும் ஏறக்குறைய அதே நிறம். கையில் அட்டை, அட்டையில் தாள், தாளில் வரிசையாகக் கட்டங்கள். லம்பர்ட் பேருந்தைச் சுற்றி வந்து சொல்ல ஆரம்பித்தார். வாய் தானாக ஓடியது. விளக்கு எரிந்தது, குழாய் ஒழுகவில்லை, டயர் டயராகவே இருந்தது. உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பி பிரேக் சோதனையைச் செய்து காட்டிவிட்டு, கடைசி இருக்கை வரை போய் அவசரக் கதவின் கைப்பிடியைத் தூக்கினார். அதைத் தூக்கினால் ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு எச்சரிக்கை மணி அலற வேண்டும். பின்னால் ஒரு பிள்ளை விளையாட்டாகக் கதவைத் திறந்துவிட்டால் ஓட்டுநருக்குத் தெரிவதற்காக வைத்தது.

"அவசரக் கதவு. தடையில்லாமல் திறக்கிறது. ரப்பர் கிழியவில்லை. எச்சரிக்கை மணி அடிக்கிறது" என்றார்.

டீட்ஸ் கட்டத்தில் டிக் போட்டார்.

அதன் பிறகுதான் லம்பர்ட்டுக்கு அந்த அமைதி காதில் விழுந்தது. பயிற்சி செய்த நாளெல்லாம், பேட்டரி தீரக் கூடாது என்று நதீன் சாவி போடாமலே சொல்ல வைத்திருந்தார். அதனால் மணி அடிக்கிறது என்று சொல்வதும் மணி அடிக்காமல் இருப்பதும் அவருக்கு ஒன்றாகவே பழகியிருந்தது. இப்போது சாவி போட்டிருந்தது. கைப்பிடியை மறுபடி தூக்கினார். மறுபடி இறக்கினார்.

"அடிக்கல" என்றார்.

"அடிக்கிறதுன்னு சொல்லிட்டீங்க" என்றார் டீட்ஸ்.

"சொன்னேன். ஆனா அடிக்கல."

"நான் டிக் போட்டாச்சு, மிஸ்டர் கூசெரா. அடுத்து ஜன்னல்."

யாரும் இதை வீரம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த நேரத்தில் அவர் மனதில் பிள்ளைகள் யாரும் இல்லை. ஒருவர் சொன்னது ஒன்று, காட்டில் இருப்பது வேறொன்று என்று கண்டுவிட்டால் அந்த மனிதரால் வாயை மூடிக்கொள்ள முடியாது. சொன்னவர் தானே என்றாலும் சரி. மைத்துனரையே விடாதவர் தன்னை விடுவாரா?

"டிக்கை அழிங்க" என்றார்.

டீட்ஸ் நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கை அழிப்பதற்கென்று தாளில் கட்டம் எதுவும் இல்லை. பிறகு பேனாவை மூடினார். "நீங்க தப்பா எதுவும் செய்யல. ஆனா இந்த வண்டி ரோட்டுல போக லாயக்கில்ல. லாயக்கில்லாத வண்டியில டெஸ்ட்டு வைக்க முடியாது. வேற நாள் வாங்க."

கொட்டகையின் மெக்கானிக் அன்று மதியமே மற்ற பேருந்துகளையும் திறந்து பார்த்தார். பாதிக்குமேல் ஊமை. எப்போது ஊமையானவை என்று யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் தினமும் காலையில் அவை அடிப்பதாக எல்லா ஓட்டுநர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். உதிரிபாகம் ஓமஹா நகரத்திலிருந்து வர வேண்டும். வரும்வரை பேருந்து ஓடாது என்று கண்காணிப்பாளர் அறிவித்தார். வாரம் முழுக்கப் பெற்றோர்கள் தங்கள் பிக்கப்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஊரின் ஒரே பெரிய தெருவில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. காப்பி குடிக்கப் போன லம்பர்ட் அதன் நடுவே சிக்கிக்கொண்டார். முன்னால் இருந்தவர்களும் பின்னால் இருந்தவர்களும் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

அந்த வாரப் பத்திரிகையில் கடிதங்கள் அவரைப் பற்றி வந்தன. ஆர்டிஸ் காலை உணவின்போது வாசித்துக் காட்டினார். சில பேருக்கு வேறு வேலை இல்லை என்று ஒருவர். ஊரைக் குழப்புவதற்கென்றே சிலர் உரிமம் எடுக்கக் கிளம்புகிறார்கள் என்று இன்னொருவர். கடைசிக் கடிதம் எட்வினுடையது: 'சேதம் இருக்கும் இடத்தில் இல்லை என்று சொல்லிச் சம்பாதித்தவர், இப்போது ஓசியில் கண்டுபிடித்துத் தருகிறார்.'

"நல்லா எழுதியிருக்கான்" என்றார் ஆர்டிஸ். "உன்னோடதவிட சின்னதா இருக்கு."

"நான் சொன்னது உண்மைதான, ஆர்டிஸ்?"

"உண்மைதான். அதனாலதான் இவ்வளவு கோபம். பொய்யா இருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பாங்க."

நதீன் அந்த வாரம் அவருக்குப் போன் செய்யவில்லை. லம்பர்ட் தானாகவே கொட்டகைக்குப் போனார். நதீன் ஒரு பேருந்தின் கடைசி இருக்கையில், கதவைத் திறந்து போட்டுக் கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். வாயில் சூயிங்கம் இல்லை.

"திட்டறதுன்னா திட்டு" என்றார் லம்பர்ட்.

"திட்டத்தான் நெனச்சேன். ரெண்டு நாளா வாக்கியமெல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன்." நதீன் கைப்பிடியைத் தட்டினார். "நானும் சொல்லியிருக்கேன், லம்பர்ட். தினமும் காலையில. பனி கொட்டினாலும் இருட்டா இருந்தாலும் ஒரு வார்த்தை விடாம சொல்லுவேன். மணி அடிக்கிறது, மணி அடிக்கிறது. என் அக்கா பேத்தி இந்த சீட்டுலதான் உக்காருவா."

லம்பர்ட்டுக்கு ஆறுதல் சொல்லி வழக்கமில்லை. தொழிலில் அதற்கு இடமும் இருந்ததில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "கதவு தடையில்லாம திறக்குது" என்றார்.

நதீன் அவரைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை நிறுத்தத் தெரியாமல் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மணிகள் வந்து பொருத்தப்பட்டன. இரண்டாம் தேர்வு நாளும் வந்தது. அவசரக் கதவைத் தூக்கியபோது அது போட்ட கூச்சலில் டீட்ஸின் பேனா கீழே விழுந்தது. பின்னோக்கி ஓட்டுவதில் லம்பர்ட் எல்லைக்கு வைத்த ஒரு கூம்பைக்கூட இடிக்கவில்லை. சாலைக்கு வந்தார்கள். ஒரு பெரிய மாற்றம் அவருக்குள் நிகழ்ந்திருந்தது: இனி வாய் சொல்வதை நம்புவதில்லை, கண்ணால் பார்ப்பதை மட்டும்தான் நம்புவது என்று முடிவு செய்திருந்தார். செத்த தண்டவாளம் வந்தது. லம்பர்ட் கவனமாகப் பார்த்தார். தண்டவாளம் துருப்பிடித்திருந்தது. நடுவே மரம் நின்றது. மரத்தில் காலியான கூடு இருந்தது. ரயில் வர வாய்ப்பில்லை என்று நேர்மையாக முடிவு செய்து, வேகத்தைக் குறைக்காமல் கடந்தார்.

"ஓரமா நிறுத்துங்க" என்றார் டீட்ஸ். நிறுத்தினார். "ரயில்வே கிராசிங்ல நிக்கல. அதோட முடிஞ்சது."

"மரம் இருக்கே, சார். கூடு இருக்கு."

"பாத்தேன்."

"மரத்துக்கு நடுவுல ரயில் எப்படி வரும்?"

"அது எனக்குத் தெரியாது. மரத்துக்குன்னு இதுல கட்டம் இல்ல."

திரும்பி வரும் வழியெல்லாம் லம்பர்ட் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். முதல் தடவை, நடக்காததை நடந்ததாகச் சொல்ல மறுத்ததால் தேர்வு நின்றது. இந்தத் தடவை, வராததை வராது என்று கண்டுகொண்டதால் போயிற்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு நியாயம் இருக்கத்தான் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கையேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து தேடினார். கிடைக்கவில்லை. மூன்றாவது அச்சுப் பிழை ஒன்று கிடைத்தது. அதைப் பற்றி யாருக்கும் எழுதவில்லை.

நதீனிடம்தான் கேட்டார். அவர் தோளைக் குலுக்கினார்.

"நியாயமெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு. இங்க நின்னு பழகினவன் பெரிய லைன்லயும் நிப்பான். தெக்கால பெரிய லைன் இருக்குதில்ல, தினமும் நிலக்கரி வண்டி போகுதே. பனிமூட்டம் இறங்கினா அதுவும் இதுவும் ஒரே மாதிரிதான் தெரியும். அன்னிக்கு உக்காந்து யோசிச்சிட்டிருக்க முடியாது."

மூன்றாம் தேர்வு டிசம்பரில், லேசான பனித்தூறலில் நடந்தது. லம்பர்ட் எல்லாவற்றையும் சொன்னார். சொன்ன ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். மணி அடித்த பிறகுதான் அடிக்கிறது என்றார். செத்த தண்டவாளத்தில் நின்று, நான்கு எச்சரிக்கை விளக்கையும் மின்ன விட்டு, கதவையும் ஜன்னலையும் திறந்தார். குளிர் உள்ளே பாய்ந்தது. டீட்ஸ் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். லம்பர்ட் அவசரப்படவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தார், காது கொடுத்தார், மறுபடி பார்த்தார். பின்னால் ஒரு கார் வந்து நின்று, பொறுமையிழந்து ஹாரன் அடித்தது. கண்ணாடியில் பார்த்தார். எட்வின்.

கடைசியில் டீட்ஸே கேட்டுவிட்டார். "போதும். போகலாமா?"

"ஒரு நிமிஷம், சார்" என்றார் லம்பர்ட்.

அன்று மாலை நதீன் கொட்டகையில் கேக் வெட்டினார். புது உரிமத்தின் புகைப்படத்தில் லம்பர்ட் யாரோ அவரிடம் காப்பீட்டுப் பணம் கேட்டதுபோல் இருந்தார். ஜனவரியிலிருந்து மூன்றாம் நம்பர் பேருந்து அவருடையது. அது நேரத்துக்கு வந்தது என்று சொன்னால் பொய். பனியில் அது இன்னும் தாமதமாகவே வந்தது. பை மறந்த பிள்ளைகளுக்காக லம்பர்ட் காத்திருந்தார். வாயில் ரொட்டியோடு வருபவர்களை உட்கார்ந்து மென்று தின்னச் சொன்னார். பிள்ளைகள் அவருக்குச் 'சார்ஜண்ட்' என்று பெயர் வைத்தார்கள். அவர் தெரியாததுபோல் இருந்தார், உள்ளூரப் பிடித்திருந்தது. நதீனின் அக்கா பேத்தி கடைசி இருக்கையிலிருந்து தினமும் ஒருமுறையாவது கைப்பிடியைத் தூக்கி மணியை அலற வைத்தாள். ஒவ்வொரு முறையும் லம்பர்ட் வண்டியை ஓரம் கட்டி, நடந்து பின்னால் போய், கதவைச் சரிபார்த்துவிட்டு வந்தார். அவளை மட்டும் இடம் மாற்றி உட்கார வைக்கலாமே என்று ஃபுட்பால் கோச் சொன்னார். அப்புறம் மணி அடிக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று லம்பர்ட் கேட்டார்.

வீட்டில் தட்டுகள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தாலும் இப்போது யாரும் கேட்பதில்லை. இரவு எட்டு மணிக்கெல்லாம் லம்பர்ட் நாற்காலியிலேயே தூங்கிப் போனார். ஆர்டிஸ் முதல் வாரம் அந்த அமைதியை ரசித்தார். இரண்டாம் வாரம் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தார். மூன்றாம் வாரம் எட்வினின் மனைவிக்குப் போன் போட்டுப் பேசினார்.

பிப்ரவரியில் ஒரு காலை. சாலையெல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்திருந்ததால் பள்ளி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள். லம்பர்ட் அதற்குள் கொட்டகைக்கு வந்துவிட்டார். இன்ஜினை ஓட விட்டு, ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அப்போது ஆர்டிஸ் கையில் பிளாஸ்க்கோடு, பனிக்குப் பயந்து சின்னச் சின்ன அடியாக வைத்து வந்து கதவைத் தட்டினார். இந்த வண்டியில் அவர் ஏறியதே இல்லை.

"வெளியாளை ஏத்தக் கூடாது" என்றார் லம்பர்ட், கதவைத் திறந்துகொண்டே.

"ஏத்தாத. நானே ஏறிக்கறேன்." ஏறி, அவருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்தார். முன்னும் பின்னும் பார்த்தார். "இவ்வளவு நீளமா இது?"

"நீளந்தான்."

"பயமா இல்லியா உனக்கு?"

லம்பர்ட் காப்பியை ஊற்றிக்கொண்டார். "இருக்கு" என்றார்.

ஆர்டிஸ் தலையசைத்தார். கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப ஓட்டிக் காட்டு. இங்கயே, முற்றத்துக்குள்ள."

விதியில் அதற்கு இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் பார்த்தார். பனி வழுக்காமல் இருக்க உப்புத் தூவிய முற்றம் காலியாக இருந்தது; நதீன் இன்னும் வரவில்லை. பிரேக்கை விடுவித்து மெதுவாக நகர்த்தினார். மஞ்சள் வண்டி வேலியை ஒட்டி ஊர்ந்து வளைந்தது. ஆர்டிஸ் எதையோ பார்ப்பதற்கு எழுந்தார்.

"ஆர்டிஸ், உக்காரு. வண்டி நகருது."

உட்கார்ந்தார். ஒரு சுற்று முடிந்து வண்டி பழைய இடத்துக்கு வந்தது. லம்பர்ட் பிரேக்கை மிதித்து, கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"ஏன் நிறுத்தற?" என்றார் ஆர்டிஸ். "ஹீட்டர் இப்பத்தான் சூடாகுது. இன்னொரு சுத்து போ."